நோட்டில் எழுதினால் வேலை பிடித்துவிடுமா?

கேள்வி: எனக்கு 37 வயது, பி.காம். படித்திருக்கிறேன். நுங்கம்பாக்கத்தில் மருத்துவக் காப்பீட்டு கிளெய்ம் பார்க்கும் அலுவலகத்தில் 11 வருடமாக வேலை. பெரும்பாலும் கேஷ்லெஸ் ஃபைல்கள் (நோயாளிக்குப் பதிலாகக் காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்குப் பணம் கட்டுவது), ஒரு நாளைக்கு 40 முடிக்க வேண்டும். காலை 9.30க்கு உட்கார்ந்தால் பேப்பரில் 6.30 வரை, நிஜத்தில் வாரத்தில் மூன்று நாளாவது 8 மணி ஆகிவிடுகிறது. சம்பளம் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலையில் ஒரு பிடிப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடுகிறது. இரண்டு மாதம் முன்பு ஆபீஸில் 'பாசிட்டிவ் திங்கிங்' என்று ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். 'என் வேலையை நான் நேசிக்கிறேன்' என்று தினமும் காலையில் 21 முறை எழுதச் சொன்னார்கள். ஆறு வாரம் எழுதினேன், எரிச்சல்தான் அதிகமானது. டீம் லீட் மேடம், "உங்களுக்கு எல்லாத் திறமையும் இருக்கு, ஆட்டிட்யூட்தான் சரியில்ல" என்கிறார். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாளில் மட்டும் நேரம் போவதே தெரியாது. நான் மாற்ற வேண்டியது என் மனதையா, வேலையையா?
— வாசகி, குரோம்பேட்டை

பணியிட உளவியல் ஆலோசகரின் பதில்:

முதலில் அந்த 21 வரியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பள்ளியில் இம்போசிஷன் எழுதிய பிள்ளைக்கு அந்தப் பாடத்தின் மேல் பிரியம் வந்ததாகச் சரித்திரம் இல்லை. உங்களுக்கு எரிச்சல் கூடியதற்கு உங்கள் மனக்கோளாறு காரணமல்ல. ஒரு வாக்கியத்தைப் படித்ததும் மனது அதற்குச் சான்று தேடும். 'நேசிக்கிறேன்' என்று கை எழுதும்போது, முந்தின நாள் இரவு 8 மணிக்குத் திறந்த நான்காவது க்வெரி, அதாவது விடுபட்ட ஆவணத்தை மருத்துவமனையிடம் கேட்கும் குறிப்பு, கண்முன் வந்து நிற்கும். எழுதியதற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியைத் தினமும் காலையில் நீங்களே 21 முறை அளந்து பார்த்திருக்கிறீர்கள்.

இது ஆய்விலும் தெரிந்த விஷயம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோஆன் வுட்டும் அவருடைய குழுவும் 2009-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைப்பவர்கள், 'நான் அன்புக்குரியவள்' என்ற மாதிரியான வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாமல் இருந்தவர்களைவிட அவர்கள் மனநிலை மோசமாகியிருந்தது. கேப்ரியேலே ஓட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர் பட்டம் முடித்து வேலை தேடியவர்களை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தார். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அதிகம் கற்பனை செய்து இன்பப்பட்டவர்கள் குறைவான விண்ணப்பங்களே போட்டிருந்தார்கள். சம்பளமும் குறைவாகவே கிடைத்தது. ஆனால் 'எனக்குக் கிடைக்கும், ஏனென்றால் இதை இதைச் செய்திருக்கிறேன்' என்று அனுபவத்தின் பேரில் எதிர்பார்த்தவர்களுக்கு நல்லதே நடந்தது. நம்பிக்கைக்கு அடியில் ஏதாவது நடந்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் மனதுக்கு உபதேசம் வேண்டாம், சான்று கொடுப்போம். அதற்கு வேலையில்தான் கை வைக்க வேண்டும், அதுவும் மிகச் சின்ன இடங்களில்.

அதற்கு முன் ஒரு பிரிப்பு. உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. வாரம் மூன்று நாள் 8 மணி வரை உட்காருவது ஒன்று, வேலையில் பிடிப்பு இல்லாதது மற்றொன்று. ஃபிரெட்ரிக் ஹெர்ஸ்பர்க் 1959-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் எஞ்சினீயர்களையும் அக்கவுன்டன்ட்டுகளையும் விசாரித்து வைத்த வாதம் இங்கே பொருந்தும். சம்பளம், நேரம், மேலாளரின் நடத்தை, உட்காரும் இடம் இவையெல்லாம் கெட்டால் அதிருப்தி வரும். இவற்றைச் சரி செய்தால் அந்த அதிருப்தி போகும், அவ்வளவுதான். திருப்தி என்பது வேலைக்குள்ளிருந்து, அதாவது எதையாவது முடிப்பதிலிருந்தும், கற்பதிலிருந்தும், யாராவது கவனிப்பதிலிருந்தும் வர வேண்டும். அவருடைய ஆய்வு முறை மேல் பிற்பாடு நிறைய விமர்சனம் வந்தது உண்மை. ஆனால் இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்றும் நன்றாக உதவுகிறது.

நேரப் பிரச்சினைக்கு மனப்பான்மை மருந்தல்ல. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றுதான் வேலை நேரத்தை வைத்திருக்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்பு ஊதியம். நாளைக்கே சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போடச் சொல்லவில்லை. 8 மணிக்குக் கிளம்புவதை உங்கள் 'ஆட்டிட்யூட்' கணக்கில் யாரும் எழுதிவிட நீங்கள் அனுமதிக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். எத்தனை மணிக்கு வெளியே வருகிறீர்கள் என்று தேதி போட்டுக் குறித்து வையுங்கள். பிறகு பேசும்போது தேவைப்படும்.

இனி வேலைக்குள் போவோம். பத்து வேலை நாள் ஒரு குறிப்பு எழுதுங்கள். சட்டைப்பைக்குள் போகிற சின்ன நோட்டு போதும். காலை 11.30, மதியம் 1.30, மாலை 4, கிளம்பும்போது என்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவைக்கும் ஒரே வரி. அந்த வரியில் மூன்று விஷயம்: என்ன செய்துகொண்டிருந்தேன், தெம்பு எவ்வளவு (மைனஸ் 2 முதல் பிளஸ் 2 வரை), ஏன் என்று நான்கைந்து வார்த்தை. 'கேட்டராக்ட் ஃபைல், லென்ஸ் ஸ்டிக்கர் இல்லை, மூன்றாவது க்வெரி, மைனஸ் 2' என்று இருந்தால் சரி. 'ஒரே கடுப்பு' என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இந்தக் குறிப்பு மூன்று இடத்தில் கெடும். ஒன்று, இரவு வீட்டுக்கு வந்து மொத்தமாக எழுதுவது. நாளின் மிக மோசமான கணத்தையும் கடைசிக் கணத்தையும் வைத்துத்தான் மனது முழு நாளுக்கும் மார்க் போடும். நடுவில் நன்றாகப் போன இரண்டு மணி நேரம் காணாமல் போய்விடும். இரண்டு, ஒரு வாரத்தோடு நிறுத்துவது. திங்கட்கிழமைக் குவியலும் மாதக் கடைசி நெருக்கடியும் கொஞ்சமாவது உள்ளே வர வேண்டுமென்றால் பத்து நாளாவது வேண்டும். மூன்று, பிளஸ் வரும்போது எழுத மறப்பது. எரிச்சல் தானே ஞாபகப்படுத்தும், தெம்பு ஞாபகப்படுத்தாது. அதனால்தான் மணி பார்த்து எழுதச் சொல்கிறேன். மொபைலில் அலாரம் வைத்துவிடுங்கள், சத்தமில்லாமல்.

பத்து நாள் முடிந்ததும் மைனஸ் வரிகளை எண்ணிப் பாருங்கள். 'வேலையே பிடிக்கவில்லை' என்று வருபவர்களுக்கும், எண்ணிப் பார்த்தால் இரண்டு மூன்று குறிப்பிட்ட விஷயங்களில்தான் மைனஸ் குவிந்திருக்கும். உங்கள் தொழிலில் நான் முதலில் சந்தேகப்படுவது திரும்பி வரும் ஃபைலை. கணக்குப் போடுங்கள்: 8 மணி நேரத்தில் 40 ஃபைல் என்றால் ஒன்றுக்கு 12 நிமிடம். ஒரே ஃபைல் மூன்று முறை திறக்கப்பட்டால், உங்கள் டார்கெட்டில் அது ஒன்று. உங்கள் உடம்புக்கு அது மூன்று. முடித்ததாக நினைத்தது முடியாமல் திரும்பி வருவதைப் போல உற்சாகத்தை உறிஞ்சுவது வேறொன்றும் இல்லை.

இங்கே நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. முதல் க்வெரி போடும் முன் ஃபைலைக் கடைசிப் பக்கம் வரை பார்த்து, இல்லாததையெல்லாம் ஒரே க்வெரியில் கேட்பது. 'தெரிந்த விஷயம்தானே' என்பீர்கள். தெரியும், ஆனால் மணி ஓடும்போது கண்ணில் பட்ட முதல் குறையோடு க்வெரியைத் தட்டிவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போவதுதான் நடக்கும். அந்தக் கணத்தில் அது வேகமாகத் தோன்றும், மாலையில் அதுவே வட்டியோடு வரும். திரைக்குப் பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டுங்கள். எந்த சிகிச்சைக்கு எது வழக்கமாக விடுபடும் என்று ஆறேழு வரி: கண்புரை என்றால் லென்ஸ் ஸ்டிக்கர், ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் ஸ்டென்ட் ஸ்டிக்கரும் இன்வாய்ஸும், விபத்து என்றால் எம்.எல்.சி. (போலீஸுக்குத் தெரிவிக்கப்படும் மருத்துவப் பதிவு) நகல், காய்ச்சல் என்று அட்மிட் ஆனவர் என்றால் லேப் ரிப்போர்ட்டும் டெம்பரேச்சர் சார்ட்டும், சர்க்கரை, பி.பி. இருந்தால் எத்தனை வருடமாக என்று டாக்டர் கையெழுத்திட்ட குறிப்பு. எல்லாவற்றுக்கும் பில் பிரேக்-அப். உங்களுக்கு 11 வருட அனுபவம், என்னைவிட நல்ல அட்டை உங்களால் எழுத முடியும்.

க்வெரியின் மொழியையும் கொஞ்சம் பாருங்கள். 'டாக்குமென்ட்ஸ் இன்சஃபிஷியன்ட், கைண்ட்லி கிளாரிஃபை' என்று வந்தால் மருத்துவமனை இன்ஷூரன்ஸ் டெஸ்கில் இருக்கும் பையனுக்கு என்ன அனுப்புவது என்று தெரியாது. கையில் இருப்பதை மறுபடி அப்லோட் செய்வான். 'இரண்டு ஸ்டென்ட், ஒரு ஸ்டிக்கர்தான் வந்திருக்கிறது, மற்றதும் வேண்டும். ஃபார்மசி பில்லில் இரண்டாவது பக்கம் இல்லை' என்று எண் போட்டுக் கேட்டால் ஒரே தடவையில் வந்துவிட வாய்ப்பு அதிகம். எத்தனை ஃபைல் இரண்டாம் முறை திறந்தது என்று வாரா வாரம் எண்ணி வையுங்கள். இது உங்கள் எண். டேஷ்போர்டில் இருப்பது மேடத்தின் எண். இந்த எண் குறையும்போது வருகிற சந்தோஷம் சின்னதுதான். ஆனால் அது 21 வரியில் வராத சந்தோஷம், ஏனென்றால் அதற்குச் சான்று இருக்கிறது.

தெரசா அமாபிலேயும் ஸ்டீவன் கிராமரும் 238 ஊழியர்களின் கிட்டத்தட்ட 12,000 நாட்குறிப்புகளைப் படித்து 2011-ல் சொன்னது இதைத்தான்: பொருட்படுத்தும் வேலையில் ஒரு படி முன்னேறிய நாளே நல்ல நாளாக உணரப்பட்டது, அந்தப் படி சின்னதாக இருந்தாலும். அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு, இதைப் பயிற்சி வகுப்பில் சொல்ல மாட்டார்கள். பின்னடைவு மனநிலையைக் கெடுக்கும் வேகம், முன்னேற்றம் அதை உயர்த்தும் வேகத்தைவிட அதிகம். அதனால் சந்தோஷத்தைக் கூட்டுவதற்கு முன், திரும்பி வரும் ஃபைலைக் குறையுங்கள்.

அடுத்தது, உங்கள் வேலை யாருக்குப் போய்ச் சேருகிறது என்பது. கிளெய்ம் வேலையின் பெரிய குறை, ஆரம்பமும் தெரியாது முடிவும் தெரியாது என்பது. உங்களுக்குத் தெரிவது ஒரு எண், ஒரு பி.டி.எஃப். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் 'வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்லிவிட்டார். பையைக் கட்டி வைத்தாகிவிட்டது. மகன் பில்லிங் கவுன்டருக்கும் வார்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறான். 'இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வரல சார்' என்பதுதான் பதில். இந்தக் காத்திருப்புக்காகவே காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதச் சுற்றறிக்கையில் வரம்பு வைத்தது: கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்துக்குள் முடிவு, டிஸ்சார்ஜ் ஒப்புதல் 3 மணி நேரத்துக்குள். தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாகக் கட்டணம் போட்டால் அதைக் காப்பீட்டு நிறுவனம்தான் ஏற்க வேண்டும். உங்கள் ஆபீஸில் இது திரையில் ஓடும் ஒரு சிவப்பு டைமர். வார்டில் அது ஒரு குடும்பத்தின் மதியச் சாப்பாடு.

இதைப் படித்து உருகச் சொல்லவில்லை. ஒரு முறையாவது நேரில் பாருங்கள் என்கிறேன். ஆடம் கிரான்ட் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பல்கலைக்கழகத்துக்காக போனில் நன்கொடை கேட்கும் ஊழியர்கள், அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரைச் சில நிமிடங்கள் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் போனில் பேசிய நேரம் இரண்டு மடங்குக்கும் மேலாகியிருந்தது. உற்சாக உரை யாரும் ஆற்றவில்லை. உங்கள் அலுவலகத்தில் மருத்துவமனைகளோடு தொடர்பு வைத்திருக்கும் நெட்வொர்க் டீம் இருக்குமே, அவர்கள் போகும்போது அரை நாள் கூடப் போக முடியுமா என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் நெரிசல் அதிகமாக இருக்கும் காலை 11 முதல் 2 வரை இன்ஷூரன்ஸ் டெஸ்க் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். உங்கள் க்வெரி அந்தப் பக்கம் எப்படிப் படிக்கப்படுகிறது என்பதும் அங்கே தெரியும், இது வேலைக்கும் லாபம். அனுமதி கிடைக்காவிட்டால், தினமும் ஒரே ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்து, டிஸ்சார்ஜ் வரை என்ன ஆயிற்று என்று சிஸ்டத்திலேயே பின்தொடருங்கள். நோயாளிக்கு போன் செய்வதோ, பெயர் விவரத்தை நோட்டில் எழுதுவதோ வேண்டாம். அது அவர்களுடைய மருத்துவ ரகசியம்.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரிக்கு வருகிறேன்: சொல்லிக்கொடுக்கும் நாளில் நேரம் போவது தெரியவில்லை. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் பிடி.

ஏமி ரெஸ்னீவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-ல் எழுதிய கட்டுரையில் ஒரு மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர்களைக் காட்டினார்கள். ஒரே பதவி, ஒரே வேலைப் பட்டியல். ஆனால் சிலர் பட்டியலில் இருந்ததை மட்டும் செய்தார்கள், வேலையைத் தாழ்வாகவும் நினைத்தார்கள். மற்றவர்கள் நோயாளியிடமும் பார்க்க வந்தவர்களிடமும் பேசினார்கள், நர்ஸின் வேலை ஓடும் நேரம் பார்த்துத் தங்கள் வேலையை அமைத்துக்கொண்டார்கள், தாங்களும் நோயாளியைக் குணமாக்கும் குழுவில் ஒருவர் என்று பார்த்தார்கள். செய்யும் வேலையின் அளவையும் வகையையும் மாற்றுவது, யாரோடு எப்படிப் பழகுகிறோம் என்பதை மாற்றுவது, வேலையை என்னவென்று பார்க்கிறோம் என்பதை மாற்றுவது என்று மூன்று வழி சொன்னார்கள். பயிற்சி வகுப்புகள் மூன்றாவதை மட்டும் தனியாகப் பிடுங்கி எடுத்து விற்கின்றன. முதல் இரண்டும் நகராமல் மூன்றாவது நகர்வது கடினம் என்பது என் கருத்து.

எனவே டீம் லீடிடம் ஒரு கோரிக்கை வையுங்கள். ஒன்றே ஒன்று. திங்கட்கிழமையும் வேண்டாம், மாதக் கடைசியும் வேண்டாம். மாதத்தின் இரண்டாவது வாரத்தில் ஒரு புதன்கிழமை, 15 நிமிடம். கையில் பத்து நாள் குறிப்பின் சுருக்கமும், திரும்பி வந்த ஃபைல்களின் எண்ணிக்கையும் இருக்கட்டும். இப்படிப் பேசலாம்:

"மேடம், நீங்க ஆட்டிட்யூட் பத்திச் சொன்னீங்க. நான் ரெண்டு வாரமா குறிச்சுப் பார்த்தேன். எனக்கு ரொம்ப நேரம் போறது ரீ-ஓப்பன் ஆகற ஃபைல்லதான். புதுப் பிள்ளைங்க போடற க்வெரிதான் நிறைய திரும்பி வருது. செவ்வாய், வியாழன் ஒரு மணி நேரம் அவங்களோட உட்கார்ந்து க்வெரி எப்படிப் போடறதுன்னு பார்க்கறேன். நாலு வாரம் மட்டும் ட்ரை பண்ணிப் பார்க்கலாம். அந்த ரெண்டு நாளும் எனக்கு 40-க்கு பதிலா 35 வெச்சுக்கலாமா? ரீ-ஓப்பன் குறையலைன்னா பழையபடி பண்ணிடறேன்."

புதியவர்களின் ஃபைல்தான் திரும்புகிறது என்பது உங்கள் குறிப்பில் உண்மையாக இருந்தால் மட்டும் அந்த வரியைச் சொல்லுங்கள். 35 என்ற எண் சும்மா வந்ததல்ல. ஒரு மணி நேரம் என்றால் 12 நிமிடக் கணக்கில் 5 ஃபைல். இந்தக் கழித்தல் மிக முக்கியம். வேலையை மறுசீரமைக்கப் போகிறவர்களில் அதிகம் பேர் இங்கேதான் அடிபடுவார்கள். பிடித்ததைக் கேட்டு வாங்குவார்கள், பிடிக்காததில் ஒன்றையும் கழிக்க மாட்டார்கள். நம் ஆபீஸ்களில் நன்றாக வேலை செய்பவர் தலையில்தான் மேலும் வேலை ஏறும், தெரிந்ததுதானே. மேடம், "சொல்லிக்குடுங்க, ஆனா 40 குறையாது" என்றால், "அப்ப வாரத்துல ஒரு நாள் மட்டும் அரை மணி நேரம் எடுத்துக்கறேன் மேடம்" என்று சுருக்குங்கள். 'சரி, நான் பார்த்துக்கறேன்' என்று ஏற்றுக்கொண்டுவிடாதீர்கள். இரண்டே வாரத்தில் சொல்லிக்கொடுப்பதும் கசந்துவிடும்.

மேடம் சொல்லும் வார்த்தைகளைப் பற்றியும் கொஞ்சம். "ஏன் இவ்ளோ லேட்?" என்று கேட்டதும் 'என்னைச் சோம்பேறி என்கிறாள்' என்று உள்ளே ஒரு மொழிபெயர்ப்பு ஓடும். அப்போது நான்கு வரி எழுதிப் பாருங்கள்: அவர் சொன்ன அதே வார்த்தை; நான் அதற்குக் கொடுத்த அர்த்தம்; அதே அளவு சாத்தியமான இன்னொரு அர்த்தம் (உதாரணமாக, அவருக்கு மேலே இருப்பவர் டைமரைக் காட்டிக் கேட்டிருக்கலாம்); அடுத்து நான் செய்யப் போவது. மூன்றாவது வரி இரண்டாவதைவிட இனிமையாக இருக்க வேண்டிய அவசியமில்லை, நம்பும்படி இருந்தால் போதும். இந்த முறை கடுகடுப்புக்கு மட்டும்தான். எல்லோர் முன்னிலையிலும் திரும்பத் திரும்ப அவமானப்படுத்தினால் அதற்கு வேறு அர்த்தம் தேட வேண்டாம். தேதி, வார்த்தை, அருகில் இருந்தவர் என்று குறித்து எச்.ஆருக்கு மின்னஞ்சல் போடுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

ஓட்டிங்கன் கற்பனையைக் கைவிடச் சொல்லி நிற்கவில்லை. விருப்பம், அதன் பலன், உள்ளே இருக்கும் தடை, அதற்கான திட்டம் என்று நான்கையும் அடுத்தடுத்து நினைக்கச் சொல்கிறார். கடைசியில் வரும் திட்டம் 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்ற வடிவத்தில் இருக்க வேண்டும். உங்களுக்கு ஒன்று: 'மாலை 6 மணிக்கு மேல் புது ஃபைல் என் பக்கம் வந்தால், "இது இன்னைக்கு டிஸ்சார்ஜா, நாளைக்குக் காலையில பார்க்கலாமா?" என்று கேட்பேன்.' வார்டில் ஒருவர் காத்திருந்தால் முடித்துக்கொடுங்கள். புதிய அட்மிஷன் கோரிக்கை என்றால் அதற்கும் 1 மணி நேர வரம்பு இருக்கிறது, அடுத்த ஷிஃப்ட்டில் ஆள் இருந்தால் அவருக்குப் போகட்டும். ரீஇம்பர்ஸ்மென்ட் ஃபைல் (நோயாளி பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்பது) நாளை வரை காத்திருக்கும். கேட்காமலே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதால்தான் 8 மணி ஆகிறதா என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். கேட்டும் 8 மணி ஆகிறது என்றால் அது ஆள் பற்றாக்குறை, உங்கள் குணமல்ல.

கிளம்பும் முன் 3 நிமிடம்: இன்று எது சற்று நகர்ந்தது என்று ஒரு வரி, நாளை முதலில் எந்த ஃபைல் என்று ஒரு வரி. முதல் வரியில் ஃபைல் எண்ணிக்கை எழுதக் கூடாது. இரண்டாவது வரி எதற்கென்றால், தொங்கலில் விட்ட வேலையை மனது வீடு வரை தூக்கிக்கொண்டு வரும், எங்கே விட்டோம் என்று எழுதி வைத்தால் கொஞ்சம் இறக்கி வைக்கும். பிறகு ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பைக் காலை வரை ம்யூட் செய்யுங்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து குரோம்பேட்டை வரை மின்சார ரயிலில் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. கோடம்பாக்கம், மாம்பலம் வரை புலம்பல் ஓடினால் ஓடட்டும். கிண்டி தாண்டியதும் போனில் பாட்டோ, பக்கத்து சீட் அக்காவிடம் பேச்சோ, வேலை சம்பந்தமில்லாத எதுவோ. ஞாயிறு மாலைக் கலக்கத்துக்கும் இதே வழிதான்: திங்கள் காலையின் முதல் வேலை எது என்று வெள்ளிக்கிழமையே எழுதி வைத்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை மனது எல்லா ஃபைலையும் ஒன்றாகத் திறக்காது.

ஒரு எச்சரிக்கை. ஞாயிறு மதியம் பிள்ளைகளோடு, சமையலில், டி.வி.யில் உங்களுக்கு இன்னும் சந்தோஷம் வருகிறதா? வருகிறது என்றால் பிரச்சினை வேலையோடு சேர்ந்தது, மேலே சொன்னவை போதும். எதிலுமே நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, இரண்டு வாரத்துக்கு மேலாக இப்படியே இருக்கிறது என்றால், அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். களைப்பு, வேலையின் மேல் வெறுப்பு, 'என்னால் இனி ஒழுங்காகச் செய்ய முடியாது' என்ற எண்ணம் மூன்றும் சேர்ந்தால் அதை 'பர்ன்அவுட்' என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வரையறுத்தது. அதைச் சமாளிக்கப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்று வைத்ததே தவிர, ஆளின் குறை என்று வைக்கவில்லை. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸில், 14416 என்ற எண்ணில் தமிழிலேயே, கட்டணமில்லாமல், எந்த நேரமும் பேசலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் புறநோயாளியாகப் பார்க்கலாம். பெயரைக் கேட்டுத் தயங்க வேண்டாம்.

சரி, வேலையை மாற்றுவதா? இன்றைக்கு முடிவெடுக்காதீர்கள், ஆனால் முடிவெடுக்கும் தேதியை இன்றைக்கே காலண்டரில் குறியுங்கள்: 12 வாரம் கழித்து. குறிப்புக்கு இரண்டு வாரம், க்வெரி மாற்றத்துக்கும் மேடத்திடம் பேசுவதற்கும் நான்கு வாரம், சொல்லிக்கொடுக்கும் சோதனைக்கு நான்கு வாரம், அதன் பலனைப் பார்க்க இரண்டு வாரம். எது நடந்தால் இருப்பேன், எது நடக்காவிட்டால் போவேன் என்று மூன்று வரி இப்போதே எழுதி வையுங்கள். அன்றைய மனநிலை தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரு வரி நேரத்தைப் பற்றி (வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் 7 மணியைத் தாண்டக் கூடாது), ஒரு வரி சொல்லிக்கொடுப்பதைப் பற்றி, ஒரு வரி பிளஸ் மைனஸ் கணக்கைப் பற்றி.

அந்த 12 வாரமும் கதவைத் திறந்தே வைத்திருங்கள். உங்கள் கையில் இருப்பது நல்ல சரக்கு. மருத்துவமனை இன்ஷூரன்ஸ் டெஸ்க், காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் பிரிவு, புரோக்கர் நிறுவனங்கள், பயிற்சிப் பிரிவு என்று உங்கள் அனுபவத்துக்கு நான்கு வாசல் இருக்கிறது. சொல்லிக்கொடுப்பது பிடித்திருப்பதால் கடைசி வாசலை நான் முதலில் தட்டுவேன். இன்ஷூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியா நடத்தும் லைசென்ஷியேட் தேர்வை எழுதி வைத்தால் ரெஸ்யூமேயில் 11 வருடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகுதியும் நிற்கும்; வேலையில் இருந்துகொண்டே எழுதலாம்.

போவது என்று முடிவானால், ஆஃபர் லெட்டர் கையில் வரும் முன் ராஜினாமா வேண்டாம். ஆறு மாத வீட்டுச் செலவு தனியாக இருக்கட்டும். 5 ஆண்டு தாண்டியவர் என்பதால் உங்களுக்கு கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு: ஓர் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாகக் கணக்கிட்டு. அதாவது கிராஜுவிட்டிக்குக் கணக்கில் வரும் கடைசி மாதச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 11-ஆல் பெருக்குங்கள். மொத்தச் சம்பளமும் அந்தக் கணக்கில் வராது என்பதால் எந்தத் தொகை என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பி.எஃப். பணத்தை எடுக்காமல் அதே யு.ஏ.என். எண்ணிலேயே புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் வாங்காமல் கடைசி நாளன்று லிஃப்ட் ஏறாதீர்கள்.